ஆடுகிறவருக்கு ஒன்று, பார்க்கிறவருக்கு ஒன்று

திருவண்ணாமலையில் செங்கம் சாலையில், அக்னி லிங்கத்தைத் தாண்டி ரமணாசிரமம் வழியாக எம லிங்கம் நோக்கிச் செல்லும் பாதையில் விடியற்காலையில் இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கலாம். ஒரு சாரார் வெறுங்காலோடு மலையை வலம் வருகிறார்கள். இன்னொரு சாரார் ஓட்டக் காலணி அணிந்து, கையில் கட்டிய கடிகாரத்தை அவ்வப்போது பார்த்தபடி ஓடுகிறார்கள். பாதை ஒன்றுதான். சுற்றளவு இருவருக்கும் 14 கிலோமீட்டர்தான். ஓடுகிறவர் செய்வதை விளையாட்டு என்கிறோம். நடக்கிறவர் செய்வதை அப்படிச் சொல்வதில்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத் தத்துவப் பேராசிரியர் பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் எழுதிய ஒரு நூலில் எளிய விடை சொன்னார். அவசியமே இல்லாத தடைகளை ஒருவர் தாமாக விரும்பி ஏற்றுக்கொண்டு, அவற்றைத் தாண்ட முயல்வதுதான் விளையாட்டு என்பது அவர் கருத்தின் சாரம். கேரம் பலகையில் காயைக் கையால் எடுத்துக் குழியில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஸ்டிரைக்கரால் தட்டித்தான் போட வேண்டும் என்பது நாமே வைத்துக்கொண்ட தடை. கால்பந்தில் கையால் தொடக் கூடாது என்பதும் அப்படித்தான். 14 கிலோமீட்டரைச் சுற்றிவர ஆட்டோ இருக்கிறது. ஓடியே சுற்றுவேன், அதுவும் போன வாரத்தைவிடக் குறைந்த நேரத்தில் சுற்றுவேன் என்று ஒருவர் தமக்குத் தாமே தடை வைத்துக்கொள்ளும்போது அது விளையாட்டாகிறது. கிரிவலத்தில் நேரக் கணக்கு இல்லை. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பேச்சும் இல்லை.

இந்த ஒரு விளக்கத்தைப் பிடித்துக்கொண்டால் மேலும் ஒரு விஷயம் தெளிவாகும். ஒவ்வொரு விளையாட்டும் வேறு வேறு தடையை வைக்கிறது. அதனால்தான் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்களை இழுக்கிறது. கபடி பிடித்தவருக்குச் சதுரங்கம் சலிப்பாக இருப்பதும், கிரிக்கெட்டுக்கு உயிரை விடுகிறவர் நீச்சல் போட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காததும் ரசனைக் குறைவால் அல்ல. தடையின் ருசி வேறு, அவ்வளவுதான்.

ரமணாசிரமத்தின் பெயருக்குரியவரையே எடுத்துக்கொள்ளலாம். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த ரமணர், அதற்கு முன் மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி மாணவர் வேங்கடராமன். படிப்பில் நாட்டம் குறைவு. விளையாட்டில் அதிகம். கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் மூன்றிலும் அவர் ஈடுபட்டதாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அவர் எந்தப் பக்கம் ஆடினாலும் அந்தப் பக்கமே ஜெயிக்கும் என்று நண்பர்கள் நம்பினார்களாம். 'தங்கக்கை' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள்.

இந்த மூன்றும் ஒரே பையனுக்குப் பிடித்தவை என்றாலும் மூன்றும் கொடுப்பது ஒன்றல்ல. மல்யுத்தத்தில் எதிராளியின் எடை உங்கள் தோளில் இருக்கிறது. அவர் என்ன செய்யப்போகிறார் என்பதைக் கண்ணைவிடத் தோலும் தசையும் முன்னதாக உணர்கின்றன. தோற்றால் பழி போட ஆள் இல்லை. நீச்சலில் எதிராளியே தேவையில்லை. தண்ணீர்தான் தடை. மூச்சும் கையும் காலும் ஒரு தாளத்துக்கு வந்துவிட்டால் மனத்தில் வேறு எதுவும் ஓடாது. கால்பந்தில் உங்கள் திறமை மட்டும் போதாது. நீங்கள் தள்ளிய பந்தைத் தொடர்ந்து ஓடிவந்து வாங்க இன்னொருவன் வேண்டும். தனியாளின் வெற்றி, தன்னோடு தான் போட்டியிடுவது, கூட்டாளியை நம்புவது என மூன்று வெவ்வேறு இன்பங்கள் இவை. அந்த 1896ஆம் ஆண்டு ஜூலையில் ஏற்பட்ட மரண அனுபவத்துக்குப் பிறகு அவருக்கு விளையாட்டிலும் நண்பர்களிலும் இருந்த பிடிப்பு விட்டுப்போனது என்றும் அதே வரலாறுகள் சொல்கின்றன. அது வேறு கதை.

ஆடுகிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை உளவியலாளர் மிகாய் சிக்சென்ட்மிகாயி பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மலையேறுகிறவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள், நடனமாடுகிறவர்கள் எனப் பலரிடம் பேசினார். செய்யும் செயலில் முழுவதும் கரைந்து, நேரம் போவதே தெரியாத ஒரு நிலையை அவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி விவரித்தார்கள். இதைத் தமிழில் ஒன்றிய நிலை எனலாம். இந்த நிலை வருவதற்கு மூன்று காரணங்கள் முக்கியம். என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்பது உடனே தெரிய வேண்டும். தடை நம் திறமைக்குச் சற்றே மேலாக இருக்க வேண்டும். தடை மிக எளிதாக இருந்தால் சலிப்பு வரும். மிகக் கடினமாக இருந்தால் பயம் வரும். நடுவே ஒரு குறுகிய இடம்தான் ஒன்றிய நிலைக்கு உரியது.

கேரம் இதற்கு நல்ல சான்று. விரல் நுனி ஸ்டிரைக்கரைத் தொடுகிறது. காய்க்கும் குழிக்கும் இடையே உள்ள கோணம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அந்தக் கோணத்துக்குத் தேவையான வேகம் விரலுக்குத்தான் தெரியும். பலகையில் பவுடர் கூடினால் காய் வழுக்கும், குறைந்தால் நிற்கும். தட்டிய ஒரு நொடிக்குள் விடை கிடைத்துவிடும். விழுந்தால் மறுபடியும் உங்கள் முறை. இப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரு மதியம் போவதே தெரியாது. தமிழ்நாட்டில் கேரம் பலகை இல்லாத தெரு குறைவு. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலக சாம்பியன் ஆனார். 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024இல் சென்னையின் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். இருந்தும் கேரம் போட்டியைக் காசு கொடுத்துப் பார்க்கும் கூட்டம் அரிது.

காரணம் எளிது. பலகையில் நடப்பது நாலடி தள்ளி நிற்பவருக்கே சரியாகத் தெரியாது. வேகம் விரலில் இருக்கிறது, விரலின் உணர்வைப் பார்க்க முடியாது. ஆடுகிறவருக்குக் கேரம் நிறையக் கொடுக்கிறது. பார்க்கிறவருக்குக் கொஞ்சம்தான் கொடுக்கிறது. ஆடுகிறவரின் இன்பமும் பார்க்கிறவரின் இன்பமும் தனித்தனிச் சரக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

சரி, பார்க்கிறவர் எதற்காகப் பார்க்கிறார்? இதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே பொருத்தமான ஒப்பீடு ஒன்று இருக்கிறது. இது தெருக்கூத்து வேர்விட்ட மண். கூத்துக்குப் பேர்போன புரிசை இந்த மாவட்டத்து ஊர்தான். பாரதக் கூத்தில் துரியோதனன் விழுவான் என்பது உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். முடிவு தெரிந்தும் விடிய விடியப் பார்க்கிறார்கள். இந்த ஆள் இன்றைக்கு எப்படி ஆடுகிறார், எப்படிப் பாடுகிறார் என்பதே அங்கே ஈர்ப்பு. விளையாட்டில் இது தலைகீழ். முடிவு யாருக்கும் தெரியாது என்பதில்தான் உயிர் இருக்கிறது. நேற்றைய ஆட்டத்தின் பதிவை, முடிவு தெரிந்த பிறகு முழுவதும் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் மிகச் சிலரே. யார் ஜெயிப்பார் என்ற சந்தேகம் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறதோ, அவ்வளவு நேரம் பார்வையாளர் இருக்கையில் இருப்பார்.

எனவே ஓர் ஆட்டத்தைப் பார்வையாளருக்காக நடத்துகிறவர்கள் முதலில் கவனிப்பது இந்தச் சந்தேகத்தைத்தான். அதைக் காக்க அவர்கள் விதிகளைத் திருத்துகிறார்கள். இது எப்படி நடக்கிறது என்பதைக் கபடியில் வெட்டவெளிச்சமாகப் பார்க்கலாம்.

ஊரில் ஆடிய சடுகுடுவில் கடிகாரம் கிடையாது. பாடிப்போகிறவரின் மூச்சுதான் கடிகாரம். ஒரே மூச்சில் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் நுழைந்து, தொட்டுவிட்டு, மூச்சு அறுவதற்குள் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆடுகிறவருக்கு இது அற்புதமான தடை. நுரையீரல் எரிகிறது, எதிரே ஏழு பேர் வளைத்து நிற்கிறார்கள், கணுக்காலுக்கு ஒருவன் காத்திருக்கிறான், இன்னும் எத்தனை நொடி தாங்கும் என்பது தமக்கு மட்டுமே தெரியும். ஆனால் அந்த மூச்சு தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்காது. தொலைக்காட்சியில் பார்க்கிறவருக்குச் சுத்தமாகத் தெரியாது.

2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில், பாடிப்போவது அதாவது ரெய்டு, 30 நொடிக்கு மேல் போகக் கூடாது. பாட்டு இன்னமும் உண்டு. ஆனால் திரையில் ஓடும் எண் பார்வையாளருக்கு மூச்சின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆடுகிறவரின் உடம்புக்குள் இருந்த அவசரம் வெளியே தெரிகிற அவசரமாக மாறியது.

இதோடு நிற்கவில்லை. முன்னிலையில் இருக்கும் அணிக்கு ஒரு தந்திரம் உண்டு. கோட்டைத் தாண்டிச் சும்மா போய், யாரையும் தொடாமல், பிடியும் கொடுக்காமல் திரும்பி வந்துவிடலாம். நேரம் கழியும். ஆடுகிறவருக்கு இது புத்திசாலித்தனம். பார்க்கிறவருக்குக் கொட்டாவி. ஆகவே அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் பாடிப்போனவர் அவுட் என்று விதி வந்தது. இதை 'டூ ஆர் டை' ரெய்டு என்கிறார்கள். வாழ்வா சாவா என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விதி, நலிந்த அணிக்கானது. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மட்டும் மிஞ்சியிருக்கும்போது, அவர்கள் பாடிவந்தவரைப் பிடித்துவிட்டால் ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. இது 'சூப்பர் டேக்கிள்'. பின்தங்கிய அணி திடீரென எழுந்துவர ஒரு கதவு திறந்தே இருக்கிறது. 2017இல் தமிழ் தலைவாஸ் அணி லீக்கில் சேர்ந்த பிறகு, ஊரில் ஒருபோதும் சடுகுடு ஆடாதவர்கள்கூட இந்தச் சொற்களைச் சரளமாகச் சொல்லத் தொடங்கினார்கள். கடைசி இரண்டு நிமிடம்வரை ஆட்டம் யார் பக்கமும் சாயலாம் என்ற நிலையை இந்த விதிகள் கட்டிக் காக்கின்றன.

கைப்பந்திலும் இதுவே நடந்தது. முன்பு சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். மற்ற அணி ராலியை, அதாவது பந்து வலைக்கு இருபுறமும் மாறி மாறிப் போகும் தொடரை, ஜெயித்தால் சர்வீஸ் உரிமைதான் கிடைக்கும். புள்ளி ஏறாமலே ஆட்டம் நீண்டுகொண்டு போகும். எப்போது முடியும் என்று தொலைக்காட்சிக்காரர்களால் சொல்ல முடியாது. 1990களின் இறுதியில் ஒவ்வொரு ராலிக்கும் ஒரு புள்ளி, ஒரு செட்டுக்கு 25 புள்ளி என்று மாற்றினார்கள். நம் ஊர்த் திடல்களிலும் இப்போது அந்தக் கணக்குதான்.

புள்ளி எவ்வளவு அடிக்கடி விழுகிறது என்பதற்கும் சந்தேகத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 2022 கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்தில் 64 ஆட்டங்களில் 172 கோல்கள் விழுந்தன. ஓர் ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. கோல் இவ்வளவு அரிதாக இருக்கும்போது, ஒரு தவறான உதை, கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து ஆட்டத்தையே மாற்றிவிடும். அந்தக் கோப்பையை வென்ற அர்ஜென்டினா, முதல் ஆட்டத்தில் சவுதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றது. புள்ளி நிறைய விழும் ஆட்டங்களில் அதிர்ஷ்டம் இரு பக்கமும் சமமாகப் பங்கிடப்பட்டு, திறமை அதிகமுள்ளவர் பெரும்பாலும் ஜெயித்துவிடுவார். நூறு முறை நாணயம் சுண்டினால் தலையும் பூவும் ஏறக்குறையச் சமமாக வரும், மூன்று முறை சுண்டினால் எதுவும் நடக்கலாம் என்கிற அதே கணக்கு இது. நலிந்த அணியின் ரசிகருக்குக் கால்பந்து ஏன் இவ்வளவு நம்பிக்கை தருகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம். 'தங்கக்கை' போன்ற பட்டப்பெயர்கள் பிறப்பதும் அதிர்ஷ்டத்துக்கு இடமுள்ள ஆட்டங்களில்தான். சதுரங்கத்தில் யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

சதுரங்கம் என்றதும் ஒரு கேள்வி வரும். கேரமைவிட அமைதியான ஆட்டம் அது. இரண்டு பேர் மணிக்கணக்கில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதை எப்படி லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள்?

இதற்கு விடை திரையின் ஓரத்தில் இருக்கிறது. இன்றைய நேரலைகளில் பலகைக்குப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை தெரியும். மதிப்பீட்டுப் பட்டை எனலாம். கணினி ஒவ்வொரு நிலையையும் கணக்கிட்டு, யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைப் பட்டையின் உயரத்தில் காட்டும். வெள்ளை ஏறினால் வெள்ளைக் காய்க்காரருக்குச் சாதகம். யானைக்கும் மந்திரிக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கும் பட்டை சட்டென இறங்குவது புரியும்.

2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம் இதற்கு உச்சம். சென்னையின் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் அதுவரை தலா ஆறரைப் புள்ளி. கடைசி ஆட்டமும் சமனை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. 55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை ஒரு தவறான கட்டத்துக்குக் கொண்டுபோனார். யானைகள் வெட்டுப்படும், அடுத்து மந்திரிகளும் வெட்டுப்படும், மிஞ்சும் சிப்பாய்க் கணக்கில் குகேஷ் ஜெயிப்பார் என்ற நிலை அந்த ஒரு நகர்த்தலில் உருவானது. திரைமுன் இருந்தவர்களுக்குப் பட்டை அதை அக்கணமே சொல்லிவிட்டது. பலகை முன் இருந்த குகேஷுக்கு அது உறைக்கச் சில நொடி பிடித்தது. அந்தச் சில நொடிகளில், ஆடுகிறவருக்கே தெரியாத ஒன்று பார்க்கிறவருக்குத் தெரிந்திருந்தது. பார்த்தாயா, கவனித்தாயா என்று வீட்டுக்கு வீடு தவித்தார்கள். பதினெட்டு வயதில் அவர் உலக சாம்பியன் ஆனார். ஆட்டத்தின் விதி ஒன்றுகூட மாறவில்லை. காட்டும் முறை மாறியதே பார்வையாளர்களைக் கொண்டுவந்தது.

கிரிக்கெட்டுக்கு இப்படிப்பட்ட உதவி எதுவும் தேவைப்படவில்லை. அதன் அமைப்பே பார்க்கிறவருக்குத் தோதானது. ஒவ்வொரு பந்தும் ஒரு தனிச் சம்பவம். சம்பவம் சில நொடி, பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் டீ குடிக்கலாம், சண்டை போடலாம், அடுத்த பந்து யார்க்கரா பவுன்சரா என்று ஜோசியம் சொல்லலாம். விளம்பரமும் போடலாம், அது வேறு. பதினோரு பேர் அணி என்றாலும் எந்த நொடியிலும் பந்து போடுகிறவரும் அடிக்கிறவருமாக இரண்டு பேருக்குள்தான் சண்டை. கண்ணுக்குப் பின்தொடர எளிது.

ஆனால் ஆடுகிறவருக்கு? பள்ளி அணியில் பத்தாவதாக மட்டை பிடிக்கும் பையன், எல்லைக்கோட்டருகே நிற்கவைக்கப்பட்டால், மூன்று மணி நேர ஆட்டத்தில் பந்தை நாலைந்து முறை தொட்டால் அதிகம். அவனுக்கு மட்டை பிடிக்க முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடலாம். உலகிலேயே அதிகம் பேசப்படும் ஆட்டங்களில் ஒன்று, ஆடுகிறவர்களில் பாதிப்பேரைச் சும்மா நிறுத்தியும் வைக்கிறது.

இதைத் தெருப்பிள்ளைகள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். திருவண்ணாமலைத் தெருக்களில் ஆடினாலும் சரி, மதுரையில் ஆடினாலும் சரி, தெரு கிரிக்கெட்டுக்கென்று தனிச் சட்டம் உண்டு. ஒருமுறை தரையில் பட்டு எழுந்த பந்தைப் பிடித்தாலும் அவுட். அதற்குப் பெயர் ஒன் பிட்ச் கேட்ச். மதிலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் அடித்தால் ஆறு அல்ல, அவுட். ஆள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவன் இரண்டு பக்கமும் மட்டை பிடிப்பான். சின்னப் பையனுக்கு முதல் பந்து டிரையல். இவற்றில் ஒன்றாவது பார்க்கிறவருக்காக ஏற்பட்டதா? இல்லை. நன்றாக ஆடுகிறவன் சீக்கிரம் அவுட்டாக வேண்டும், அடுத்தவனுக்குச் சீக்கிரம் முறை வர வேண்டும், யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. எல்லாச் சட்டமும் இதற்காகத்தான்.

லீக்கின் விதிகள் சந்தேகத்தைக் காக்கின்றன. தெருவின் விதிகள் முறையைப் பங்கிடுகின்றன. ஓர் ஆட்டம் யாருக்காக நடக்கிறது என்று அறிய வேண்டுமானால் அதன் விதிகளைப் பார்த்தால் போதும்.

பார்வையாளரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சந்தேகம் மட்டுமே அவரை உட்காரவைப்பதில்லை. 'நம்ம ஆளு' என்ற ஒட்டும் வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பிரபலம். பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயித்த வார இறுதிக்குப் பிறகு வரும் திங்கட்கிழமையன்று, பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடையை மாணவர்கள் அதிகம் அணிந்து வந்தார்கள். பேச்சிலும் ஜெயித்த ஆட்டத்துக்கு 'நாம்' என்றும் தோற்ற ஆட்டத்துக்கு 'அவர்கள்' என்றும் சொல்லும் போக்கு இருந்தது. நம் டீக்கடைகளில் இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. சிஎஸ்கே ஜெயித்த மறுநாள் 'ஜெயிச்சுட்டோம்ல' என்பார்கள். தோற்ற மறுநாள் 'தோத்துட்டானுங்க' என்பார்கள்.

ஆனால் ரசிகர் இந்த ஒட்டையும் தாண்டக்கூடியவர் என்பதற்குச் சேப்பாக்கமே சாட்சி. 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் இந்தியாவுக்கு இலக்கு 271. முதுகுவலியோடு ஆடிய சச்சின் 136 ரன் எடுத்து, இன்னும் 17 ரன் தேவைப்பட்டபோது அவுட்டானார். மிச்சம் இருந்தவர்கள் நாலு ரன்னில் சுருண்டார்கள். இந்தியா 12 ரன்னில் தோற்றது. அரங்கு ஒரு கணம் உறைந்தது. பிறகு பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அங்கே வேலை செய்தது ஒட்டு அல்ல, நல்ல ஆட்டத்தை அடையாளம் காணும் பழக்கம். ஓர் ஆட்டத்தை நீண்ட காலம் பார்த்துப் பழகிய ஊருக்குத்தான் இது வாய்க்கும்.

ஆடுகிறவர், பார்க்கிறவர் என்று இதுவரை பிரித்துப் பேசினோம். இந்தக் கோடு மங்கும் இடமும் உண்டு. வட மாவட்டங்களில், திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர்ப் பக்கங்களில் நடக்கும் காளை விடும் விழா, அதாவது எருது விடும் விழா, மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு மாதிரி இருக்காது. திமிலைப் பிடித்துத் தொங்குவது இங்கே ஆட்டம் அல்ல. இருபுறமும் தடுப்பு கட்டிய தெருவில் காளை ஓடும். குறித்த தூரத்தை எந்தக் காளை குறைந்த நேரத்தில் கடக்கிறதோ அதற்குப் பரிசு. 2017இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா மூன்றையும் ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்குள் சேர்த்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இங்கே காளைக்காரர், ஊர்க்காரர், தடுப்போரம் நின்று காளையைத் தொட்டுவிடத் துடிக்கும் இளைஞர் ஆகியோரில் யார் ஆடுகிறவர், யார் ரசிகர் என்று பிரிப்பது கடினம். ஈர்ப்பும் அதில்தான், ஆபத்தும் அதில்தான். சூட்ஸ் சொன்ன இலக்கணத்தை இதற்குப் பொருத்தினால் ஒரு சிக்கல் எழும். தடையைத் தாமாக விரும்பி ஏற்பது விளையாட்டு என்றார் அவர். காளை விரும்பி ஏற்றதா என்று கேட்டறிய வழி இல்லை. நீதிமன்றங்களில் இவ்வளவு காலம் நடந்த வாதத்தின் அடியில் இருந்ததும் ஏறக்குறைய இந்தக் கேள்விதான்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் சின்னதாக ஒரு முடிவுக்கு வரலாம். எந்த விளையாட்டு உயர்ந்தது என்ற கேள்விக்கு விடை இல்லை. யாருக்கு உயர்ந்தது என்று கேட்டால் விடை இருக்கிறது. பார்க்கச் சிறந்தது ஆடச் சிறந்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கூட்டத்தை வைத்து லீக் நடத்துகிறவர்கள் கணக்குப் போடுவதில் தவறில்லை, அவர்கள் சரக்கு அதுதான். பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பார்வையாளர் யாரும் இல்லை, நாற்பது பிள்ளைகளும் ஆட வந்தவர்கள். ஒரு மட்டை, ஒரு பந்து கொடுத்து நாற்பது பேரை கிரிக்கெட்டுக்கு விட்டால் முப்பது பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். அதே திடலில் இரண்டு கபடிக் களம், ஒரு கைப்பந்து வலை, மர நிழலில் நாலு கேரம் பலகை இருந்தால் அநேகமாக எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று இருக்கும். செலவும் அதிகம் ஆகாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் பிள்ளையை ஏதாவது பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன், ஒட்டி மோதும் ஆட்டம் ஒன்று, தனியாகச் செய்வது ஒன்று, கூட்டாக ஆடுவது ஒன்று என்று மூன்றையும் ஒரு வாரம் தொட்டுப் பார்க்கவிடுங்கள். மாலையில் வீடு திரும்பியதும் ஜெயித்தாயா என்று கேட்க வேண்டாம். இன்றைக்கு உனக்கு எத்தனை முறை பந்து கிடைத்தது என்று கேளுங்கள்.